உறங்காத ஊருக்காக விழித்திருப்போர்

மதுரையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மீனாட்சி அம்மன் கோயிலின் வானளாவிய கோபுரங்களிலிருந்தே தொடங்குவர். நாம் ஒரு மல்லிகைக் கூடையிலிருந்து தொடங்க விழைகிறோம்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், மறைமாவட்ட அலுவல் ஒன்றின் பொருட்டு நாம் மதுரை செல்ல வேண்டியிருந்தது. நமது பங்கு, மேலூர்ச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சில சிற்றூர்களைக் கொண்டது. முதற் பேருந்துக்குக் காத்திராமல், விடியுமுன் பூ ஏற்றிச் செல்லும் சிறு வண்டியிலேயே இடம் கேட்டோம். "சாமி எங்க வண்டியில வர்றது நாங்க கொடுத்து வச்சதுங்க" என்று சொல்லி, பங்கின் பெரியவர் ஒருவர் முன்னிருக்கையை நமக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடைகளுக்கிடையே தாம் அமர்ந்து கொண்டார்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. முப்பது சென்ட் செம்மண் நிலத்தில் மல்லிகைச் செடி வைத்திருக்கிறார். இரவு இரண்டு மணிக்கெல்லாம் அவரும் அவர் மனைவியாரும் நெற்றியில் சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கிடையே இறங்கி விடுகின்றனர். மல்லிகையை மலர்ந்த பின் பறித்தால் விலை போகாது. மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். "மல்லிகைக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, நல்ல நாள் பெரிய நாளும் கிடையாதுங்க சாமி. ஒரு நாள் விட்டா மறுநாள் அது பூ இல்லை, குப்பை" என்றார் பெரியவர். ஞாயிறு திருப்பலிக்கு அவர் பிந்தி வருவதைக் குறித்து ஓரிரு முறை நாம் கடிந்து கொண்டது நினைவுக்கு வந்தது. ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்தோம்.

வண்டி ஒத்தக்கடையை நெருங்குகையில் கிழக்கு வெளுத்தது. யானைமலை, படுத்திருக்கும் பெரியதோர் யானையைப் போலவே சாலையோரத்தில் நீண்டு கிடந்தது. அதன் குகைகளில் ஒரு காலத்தில் சமண முனிவர் தவமிருந்தனர். அதன் அடிவாரத்தில் இன்று வண்டிகள் இரைந்து ஓடுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையைக் கண்டதும் "மதுரை வந்துவிட்டது" என்று நம் உள்ளம் துள்ளுவது வழக்கம். அன்றும் துள்ளியது.

பூச்சந்தையில்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை அதிகாலையில் காணாதவர் மதுரையைக் கண்டவர் ஆகார். சாக்குகளிலும் கூடைகளிலும் வந்து இறங்கும் மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி! தராசுகளின் ஓசை, ஏலக் குரல், சுமை தூக்குவோரின் "வழி, வழி" என்னும் கூவல்! அத்தனை இரைச்சலுக்கும் மேலாக நறுமணம் ஒன்று மிதக்கிறது. இந்த மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. இதன் இதழ் தடிப்பானது. மணம் நெடுநேரம் நிற்பது. அதனால் விமானம் ஏறியும் வெளிநாடு செல்கிறது.

ஆனால் பூவின் மணம் நின்று வீசுமேயன்றி அதன் விலை ஒரு நாளும் நிற்பதில்லை. மார்கழி, தை மாதங்களின் பனியில் விளைச்சல் சுருங்கும்போது கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். வெயில் காலத்தில் செடி பூத்துக் குலுங்கும்போது சில நூறுகளுக்கு இறங்கிவிடும். கொடி நிறையப் பூத்தால் கை நிறையக் காசு வரும் என்று நம் போன்றோர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது.

அன்றைய விலை முந்தின வாரத்தில் பாதியாய் இருந்தது. பெரியவர் முகம் வாடியது. காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். அவருடைய மகன் வழிப் பேத்தி நகரிலுள்ள கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதிக் கட்டணம் செலுத்த அன்றே கடைசி நாள். கையிருப்பையும் பூ விற்ற தொகையையும் கூட்டிப் பார்த்தும் ஒரு பகுதி குறைந்தது. நாம் நமது பையைத் திறந்தோம். அவர் கை கூப்பித் தடுத்தார்.

"வேண்டாங்க சாமி. அது கோயில் காசு. இது எங்க வீட்டுக் கணக்கு, நாங்களே பார்த்துக்குவோம்."

கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம் கேட்டார். அவரும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். ஆயினும் அதற்கு ஒரு முறை உண்டு: கடன் தீரும் வரை பூவை அந்தக் கடைக்கே கொண்டுவர வேண்டும், வேறு கடையில் நல்ல விலை கிடைத்தாலும் போகலாகாது. ஆக, தை மாதத்தில் வரவேண்டிய நல்ல விலையின் ஒரு பகுதி ஆனி மாதத்திலேயே கைமாறிவிட்டது. பெரியவர் ரூபாயை எண்ணி மடியில் முடிந்துகொண்டு, "புள்ளை படிச்சிட்டாப் போதும்" என்றார். அவ்வளவே.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமது பங்குத் திருவிழாச் சப்பரத்துக்குப் பூ வாங்க இதே நகருக்கு நாமே வந்தோம். பூக்கட்டும் பெண்மணி ஒருவரிடம் அரைமணி நேரம் பேரம் பேசி, சொன்ன விலையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தோம். ஊர் திரும்பி, "சாமியார் கெட்டிக்காரர்" என்று மக்கள் மெச்சியபோது மகிழவும் செய்தோம். அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருடைய இரவுத் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அன்று பூச்சந்தையில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள்

அலுவல் பிற்பகலில்தான் என்பதால் நகருக்குள் நடந்தோம். மதுரையின் உள்நகரில் வழி தவறினாலும் அஞ்ச வேண்டுவதில்லை. கோயிலை நடுவாக வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள். அவற்றுக்கும் அப்பால் வெளி வீதிகள். திருவிழா மாதங்களையே வீதிப் பெயர்களாகக் கொண்ட இந்நகரில், ஓராண்டின் மாதங்களை ஒரு முற்பகலில் நடந்து கடந்து விடலாம்.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் முன்னர் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. நெருக்கத்தால் மூச்சுத் திணறிய நகரை விரிவாக்க எண்ணிய ஆட்சியர் பிளாக்பர்ன், 1840களில் அவற்றை அகற்ற முற்பட்டார். அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே மனையாக அளிக்கப்படும் என்று அறிவித்தார். மக்களே முன்வந்து இடித்தனர். அப்பணியில் துணைநின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாய் வழங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணைச் சுற்றி இன்று துணிக்கடைகள் நெருங்கி நிற்கின்றன.

கீழமாரட் வீதியின் வெங்காய மண்டிகளில் சுமை இறக்குவோர் அப்போதுதான் தோள்துண்டை உதறிக் கொண்டிருந்தனர். இரவெல்லாம் லாரிகளிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் அவர்கள். இன்னொரு வீதியில், பின்னிரவு வரை இட்டலி ஊற்றிய அம்மையார் ஒருவர் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துக் கொண்டிருந்தார். வெளியூர் செல்லும் பேருந்துக்காக இறங்கிய பயணியும், நோயாளிக்குத் துணையாய் வந்து மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவரும், எந்நேரமும் சூடான உணவை நியாயமான விலைக்கு உண்ண இந்நகரில் முடியும். 'தூங்கா நகரம்' என்று நாம் பெருமையோடு சொல்கிறோமன்றோ? ஊர் தானாக விழித்திருப்பதில்லை. யாரோ சிலர் உறங்காதிருப்பதால் அது விழித்திருக்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்நகரின் பகற்கடைகளை நாளங்காடி என்றும், மாலையில் விரியும் கடைகளை அல்லங்காடி என்றும் பிரித்துப் பாடியுள்ளார். நகருக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகள் செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் வெளிக்கொணர்ந்தன. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. கல்லில் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட மன்னர் பலர். இவையோ, தங்கள் வீட்டுப் பானையில் தங்கள் பெயரை எழுதி வைத்த பொதுமக்களின் பெயர்கள். இருபது நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட நகரம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து நம்மிடம் சொல்வது அரசன் பெயரையன்று. பானைக்கு உரியவர் பெயரை.

கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தையும் கண்டோம். கற்றூண்களுக்கிடையே பல தலைமுறைகளாகத் தையற்காரர்கள் அமர்ந்து தைத்த இடம் அது. அழகர் வைகையில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கு வேடமிடுவோரின் உடைகளை அங்கே தைத்தவர்களில் இசுலாமியர் பலர் இருந்தனர். மண்டபத்தைப் பாதுகாக்கும் பொருட்டு அக்கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. இடம் மாறியும் தையல் இயந்திரங்களின் ஓசை ஓயவில்லை. ஒருவர் சமயத்தின் விழாவுக்கு மற்றொருவர் விழித்திருந்து ஆடை தைத்துக் கொடுக்கும் ஊர் எவ்வளவு நல்ல ஊர்!

உள்ளம் விழித்த நாட்கள்

கண் விழித்திருப்பது ஒன்று. மனச்சான்று விழித்திருப்பது வேறொன்று. மதுரைக்கு இரண்டாவது விழிப்பும் வாய்த்தது என்பதை நம் இளைஞர் அறிய வேண்டும்.

1921 செப்டம்பர் 22ஆம் நாள். மேல மாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள், ஏழை உழவரைப் போல் முழத்துண்டு மட்டுமே உடுத்தத் தொடங்கியது அன்றுதான். வழியில் கண்ட ஏழைகளிடம் கதர் உடுத்தச் சொன்னபோது, அதை வாங்கவும் தங்களுக்கு வகையில்லை என்று அவர்கள் கூறியதே அவரை அம்முடிவுக்குத் தள்ளியது. தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் பழைய மாளிகையில் 1959 முதல் இயங்கிவரும் காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்ட நாளில் அணிந்திருந்த குருதி படிந்த ஆடையும் வைக்கப்பட்டுள்ளது.

1939 சூலை 8ஆம் நாள். வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களைச் சேர்ந்த சிலரோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அக்குழுவில் இருந்தவருள் ஒருவர், நம் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் அமைச்சராகி, எளிமைக்கே இலக்கணமாய் வாழ்ந்த கக்கன். எத்தனையோ நூற்றாண்டுகள் இரவிலும் விளக்கெரிந்த ஊர், தன் வாயிற்படியில் நின்றவர்களைக் காண அந்த நாள் வரை ஆயிற்று. இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதியின் பெயரால் பிரிவினைகள் இருந்தன; முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று இன்றும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாத இடங்கள் உள்ளன.

கீழ வெளி வீதியில் உயர்ந்து நிற்கும் மரியன்னைப் பேராலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டோம். தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி நினைவுக்கு வந்தார். 1606இல் அவர் இந்நகருக்கு வந்தபோது வயது இருபத்தொன்பது. உயர்குடியில் பிறந்த அவர் காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். அவர் மேற்கொண்ட முறைகள் அனைத்தும் இன்றைய நம் பார்வைக்கு உகந்தன அல்ல. சாதி வேற்றுமைகளை அவர் ஏற்று நடந்தது அத்தகையது. ஆயினும் ஓர் உண்மை நிலைக்கிறது. ஊரைப் பார்த்துவிட்டுப் போக அவர் வரவில்லை. அதன் மொழியைக் கற்று, அதன் உணவை உண்டு, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கே செலவிட்டார். முதுமையில் பார்வை ஏறக்குறைய இழந்த நிலையில், 1656இல் மயிலாப்பூரில் உயிர் நீத்தார்.

பார்வை தந்தவர்

பார்வை மங்கிய அந்த முதியவரை நினைத்தபோது, காலையில் நம்முடன் வந்த பெரியவர் சொன்னதும் நினைவில் எழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரு கண்ணிலும் புரை விழுந்து, இலைக்கும் மொட்டுக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று. ஊருக்கு வந்த கண் சிகிச்சை முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்று, மதுரையில் அறுவை செய்து, உள்ளே வில்லை பொருத்திக் கட்டணமின்றி அனுப்பினராம். "அந்த வில்லை இல்லைன்னா ராத்திரியில மொட்டு எடுக்க ஏதுங்க சாமி!" என்றார்.

மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு பலரும் அறிந்ததே. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களாலேயே நுட்பமான கருவிகளைப் பிடிக்கப் பழகி ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை செய்தார். செலுத்த இயன்றவர் தரும் கட்டணத்தைக் கொண்டு இயலாதவர்க்கு இலவசமாகச் செய்வதே அங்குள்ள முறை. வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வாங்க வேண்டியிருந்த கண்வில்லைகளை 1992 முதல் மதுரையிலேயே செய்யத் தொடங்கினர். விலை பன்மடங்கு குறைந்தது. இன்று அவை பல நாடுகளுக்குச் செல்கின்றன. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இளைப்பாற வேண்டிய வயதில் ஒருவர் விழித்திருந்ததன் பயன், நமது பங்கின் மல்லிகைத் தோட்டம் வரை வந்திருக்கிறது.

வைகைப் பாலத்தில்

அலுவல் முடிந்து மாலையில் வைகைப் பாலத்தைக் கடந்தோம். வருசநாட்டு மலைகளில் பிறக்கும் இந்த ஆறு நம் சமவெளிக்கெல்லாம் தாய். மேற்கே பாயும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி 1895இல் வைகையோடு இணைத்த பென்னிகுவிக்கை, இன்றும் உழவர் வீடுகளில் பெயர் சொல்லி வணங்குகின்றனர். 1959இல் வைகை அணையும் எழுந்தது. அந்நீர்தான் மேலூர் வயல்களில் நெல்லாகிறது. ஆனால் நகரின் நடுவே நாம் கண்டதோ, மணலும் புதரும், ஓரங்களில் தேங்கி நிற்கும் கழிவுநீரும். சித்திரையில் அழகர் இறங்கும் நாளுக்கு அணையிலிருந்து நீர் திறந்து விடுகின்றனர். அந்நாளில் ஆற்றை வணங்குகிறோம். மற்ற நாட்களில் அதைப் பார்க்காமலே பாலத்தைக் கடக்கிறோம். இந்த ஒன்றில் மட்டும் உறங்கா நகரம் ஆழ்ந்து உறங்குகிறது என்றால், மதுரை மக்கள் நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களே சொல்லி வருந்துவதுதான் அது.

பேருந்தில் பெரியவர் நமக்கு முன்னமே ஏறி இடம் பிடித்து வைத்திருந்தார். விடுதிக் கட்டணம் கட்டியாயிற்று, பேத்தியையும் பார்த்தாயிற்று. அவள் வாங்கிக் கொடுத்த பருத்திப்பாலை "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சிறிது நேரத்தில் நமது தோளில் தலை சாய உறங்கிப் போனார். அன்றிரவும் இரண்டு மணிக்கு அவர் எழ வேண்டும்.

முன்னிருக்கையில் இளம்பெண் ஒருத்தி தலை நிறைய மல்லிகை சூடியிருந்தாள். மாலையாகி விட்டதால் மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து பேருந்து முழுதும் மணத்தது. விடியுமுன் நெற்றி விளக்கின் ஒளியில் பறித்தவர் காண்பது மொட்டை மட்டுமே; அது மலர்ந்து மணப்பதைக் காண்பவர் வேறு யாரோ. உலகின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வாறே நடைபெறுகிறது. நம் வீட்டில் எரியும் விளக்குக்கும், காலையில் வாசலுக்கு வரும் பாலுக்கும், நோயுற்ற இரவில் நம் கையைப் பிடித்துப் பார்க்கும் செவிலியர்க்கும் பின்னே, நாம் உறங்கும்போது உறங்காத ஒருவர் இருக்கிறார். விழித்திருங்கள் என்று நம் ஆண்டவர் சீடருக்குச் சொன்னதை நாம் பல முறை மறையுரையில் விளக்கியுள்ளோம். அதை நாள்தோறும் கடைப்பிடிப்போர் நமக்கு முன்னே அமர்ந்து அம்மறையுரையைக் கேட்டுக் கொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

நமது பங்குத் திருவிழா அடுத்த மாதம் வருகிறது. சப்பரத்துக்குப் பூ வாங்கப் பங்குப் பேரவையினர் இருவர் மதுரை செல்கின்றனர். மல்லிகை எத்தனை முழம், சம்பங்கி மாலை எத்தனை என்று பட்டியல் எழுதிக் கொடுத்தோம். கீழே ஒரு வரியும் சேர்த்தோம்: "சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்."